பள்ளத்தாக்கில் தங்கும் புகையும் பயிர்ச் சேதமும்

ஓர் ஊரின் காற்று நல்லதா கெட்டதா என்பது அவ்வூரில் எழும் புகையின் அளவை மாத்திரம் பொறுத்ததன்று. நிலத்தின் அமைப்பும், அன்றன்றைய சீதோஷ்ண நிலையும் அப்புகையை என்ன செய்கின்றன என்பதே பெரும்பாலும் அதனை நிர்ணயிக்கின்றது. சமவெளியில் காற்று வீசும் பகலில் சுவடின்றிக் கலைந்துபோகும் புகை, இருபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் காற்றற்ற இரவொன்றில் வெளிப்படுமாயின், அங்கேயே தங்கி மக்களுக்கும் பயிருக்கும் கேடு விளைவிக்கும். இவ்வுண்மையை உலகத்துக்கு ஐயமற விளங்கச் செய்தது கானடா தேசத்து ட்ரெயில் நகரத்தின் வரலாறு. அங்கே நஷ்டமடைந்தவர்கள் விவசாயிகள். தமது நஷ்டத்துக்குக் காரணம் இன்னதென்று அவர்கள் தேசம் விட்டுத் தேசம் வழக்காட வேண்டியதாயிற்று. ஆதலின் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

ட்ரெயில் நகரமும் அதன் இருப்பிடமும்

ட்ரெயில் என்பது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கொலம்பியா நதிக்கரையிலுள்ள ஊர். 1896-ம் வருஷத்தில் அங்கே உலோகக் கனிகளை உருக்கும் ஆலையொன்று ஏற்பட்டது. 1906-ம் வருஷத்தில் அது பெரியதொரு கம்பெனியின் கைக்கு மாறி, நாளடைவில் ஈயமும் துத்தநாகமும் உருக்கும் பேராலையாக வளர்ந்தது. ஊரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 7 மைலிலும், நதி வளைந்து செல்லும் வழியில் ஏறக்குறைய 11 மைலிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் எல்லை இருக்கிறது. எல்லைக்கு அப்பால், நதியின் போக்கில், வாஷிங்டன் மாகாணத்தைச் சேர்ந்த நார்த்போர்ட் என்னும் சிற்றூரும் அதனைச் சூழ்ந்த பண்ணைகளும் உள்ளன.

நதியின் இருபுறத்திலும் மலைகள் ஆற்று மட்டத்துக்கு மேல் 1,500 முதல் 3,000 அடி வரையில் உயர்ந்து நிற்கின்றன. மலைச்சரிவுக்கும் ஆற்றுக்கும் இடையில் ஆங்காங்குப் படிபடியாக அமைந்த நிலங்களே சாகுபடிக்கு உரியவை. அவற்றில் குதிரைமசால் முதலிய தீவனப் பயிர்களும் தானியங்களும் விளைந்தன. சரிவுகளில் தேவதாரு இனத்தைச் சேர்ந்த மரங்கள் அடர்ந்திருந்தன. நார்த்போர்ட்டில் வருஷ மழை சராசரி 17 அங்குலத்துக்குச் சற்று அதிகம். இத்தகைய இடத்தில் காற்றுப் போகக்கூடிய வழி ஒன்றே. அது நதி போகும் வழி. ஆலையின் புகையும் அவ்வழியே எல்லையைக் கடந்து சென்றது.

ஆலையில் உருக்கப்படும் கனிகளில் கந்தகம் மிகுதியாகக் கலந்திருக்கும். அதனை எரிக்குங்கால் கந்தகமானது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கந்தக டை ஆக்ஸைடு என்னும் நெடியுள்ள வாயுவாக மாறுகிறது. ஒரு டன் கந்தகம் எரிந்தால் இரண்டு டன் வாயு உண்டாகும். 1930-ம் வருஷத்தில் நாளொன்றுக்கு 300 முதல் 350 டன் வரையில் கந்தகம் இவ்வாலையினின்று ஆகாயத்தில் விடப்பட்டது. அதாவது தினந்தோறும் 600 முதல் 700 டன் வாயு ஒடுங்கிய பள்ளத்தாக்கொன்றினுள் கலந்தது.

உயர்ந்த புகைபோக்கியும் அதன் விளைவும்

1925-ம் வருஷத்திலும் 1927-ம் வருஷத்திலும் ஆலையில் 409 அடி உயரமுள்ள இரண்டு புகைபோக்கிகள் கட்டப்பட்டன. புகையை உயரத்தில் விட்டால் அது நெடுந்தூரம் பரவி நீர்த்துப்போகும் என்பது பொதுவாக யாவரும் கொள்ளும் கருத்து. சமவெளியில் அக்கருத்து பெரும்பாலும் பொருந்தும். மலையோ 1,500 முதல் 3,000 அடி வரையில் உயர்ந்து நிற்கையில் 409 அடிப் புகைபோக்கியின் வாய் பள்ளத்தாக்கின் உள்ளேதான் இருக்கிறது. அதே காலத்தில் உருக்கும் கனியின் அளவும் பெரிதும் கூடிற்று. ஆலையருகே விழவேண்டிய புகையில் ஒரு பகுதி பள்ளத்தாக்கு வழியே தொலைவிலுள்ள பண்ணைகளை எட்டலாயிற்று. எல்லைக்கப்பாலுள்ள விவசாயிகள் தங்கள் பயிர் கருகுவதையும் மரங்கள் பட்டுப்போவதையும் கண்டு முறையிடலாயினர். 1928-ம் வருஷத்தில் அவர்கள் தமக்குள் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, ஒருவரும் தனித்து ஆலையாரோடு ராஜி செய்துகொள்ளலாகாது என விதியும் செய்துகொண்டனர்.

குளிர்ந்த காற்று கீழே தங்கும் விதம்

இதன் காரணத்தை அறிய, காற்றின் இயல்பைச் சிறிது ஆராய வேண்டும். பகற்காலத்தில் சூரிய வெப்பத்தால் முதலில் சூடேறுவது நிலம். நிலத்தைத் தொட்ட காற்று சூடேறி லேசாகி மேலெழுகிறது. மேலேயுள்ள குளிர்ந்த காற்று அவ்விடத்துக்கு இறங்குகிறது. பாலைக் காய்ச்சும்போது அடியிலிருந்து மேலாக அது புரள்வதைப்போல், ஆகாயமும் பகலெல்லாம் புரண்டுகொண்டே இருக்கிறது. அந்நிலையில் மேலே செல்லச்செல்லக் காற்றின் உஷ்ணம் குறையும். சராசரியாக 1,000 அடிக்கு சுமார் 3½ டிகிரி பாரன்ஹீட் குறையுமென்று கணக்கிட்டிருக்கின்றனர். எழும் புகை அக்காற்றோடு புரண்டு, மேலும் கீழும் சிதறி, நீர்த்துவிடும்.

மேகமற்று, காற்றற்று இருக்கும் இரவில் நடப்பது இதற்கு நேர்மாறானது. நிலம் தன் வெப்பத்தை ஆகாயத்தில் இழந்து விரைவில் குளிர்கிறது. அதனைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனமாகிறது. மலைச்சரிவுகளில் இவ்வாறு குளிர்ந்த காற்று, மழைநீர் சரிவில் வழிவதைப்போலவே, மெல்ல வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் வந்து தேங்குகிறது. இதன் பயனாக அடியில் குளிர்ந்த காற்றும் அதன்மீது வெதுவெதுப்பான காற்றும் அமைந்துவிடுகின்றன. உஷ்ணம் மேலே போகப் போகக் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. இதனை வானிலை நிபுணர் உஷ்ணத்தின் தலைகீழ் அமைப்பு என்பர்.

இவ்வமைப்பில் கனத்த காற்று கீழும் லேசான காற்று மேலும் இருப்பதால், புரளுதலுக்கு ஏது இல்லை. மேலுள்ள வெதுவெதுப்பான அடுக்கு பானைக்கு மூடியிட்டாற்போல் நிற்கிறது. புகைபோக்கியினின்று வெளிவரும் புகை சிறிது எழும், சுற்றியுள்ள காற்றின் உஷ்ணத்துக்குத் தானும் குளிர்ந்தபின் அதற்குமேல் எழாது, கீழும் இறங்காது. மெல்லிய படலமாக விரிந்து, மலைகள் இருபுறமும் தடுப்பதால் அகலவும் இடமின்றி, பள்ளத்தாக்கின் நீளத்தில் மைல் கணக்காகப் படர்ந்து நிற்கும். அச்சமயத்தில் நிலத்தில் நிற்பவனுக்குப் புகையின் வாசனையே தெரியாதிருக்கலாம். கேடு தலைக்கு மேலே காத்து நிற்கிறது.

சூரியோதயத்துக்குப் பின் நிகழ்வது

காலையில் வெயில் பட்டதும் நிலம் சூடேறத் தொடங்குகிறது. முதலில் நிலத்தையடுத்த சில அடி உயரமுள்ள காற்று மாத்திரம் புரளுகிறது. வெயில் ஏற ஏற, புரளும் பகுதியின் உயரமும் கூடுகிறது. அது புகைப்படலம் நிற்கும் உயரத்தை எட்டியவுடன், இரவெல்லாம் சேர்ந்திருந்த புகை முழுவதும் அப்புரளலில் அகப்பட்டு நிலத்துக்கு இறங்குகிறது. மேலேயுள்ள மூடி இன்னும் கலையாதிருப்பதால், அது கீழ்நோக்கியே கலக்கக்கூடும்.

ட்ரெயில் பள்ளத்தாக்கில் வாயுவின் அளவைத் தாமே பதிவு செய்யும் கருவிகளைப் பல இடங்களில் வைத்துப் பார்த்தபோது வியப்பான உண்மை ஒன்று வெளிப்பட்டது. ஆலைக்கு அருகிலுள்ள இடத்தில் முதலிலும், தொலைவிலுள்ள இடத்தில் பிறகுமாகப் புகை வந்து சேர்வதற்குப் பதிலாக, பல மைல் இடைவெளியுள்ள இடங்களிலெல்லாம் காலையில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வாயுவின் அளவு திடீரென உயர்ந்தது. காற்று புகையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசென்றதனால் விளைந்ததாயின் இவ்வாறு நேராது. புகை முன்னரே தலைக்குமேல் படர்ந்திருந்து, வெயிலேறியவுடன் எங்கும் ஒருங்கே இறங்கியது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம். வெண்டெல் ஹ்யூஸன் என்னும் வானிலை நிபுணர் இதனை ஆராய்ந்து 1945-ம் வருஷத்தில் கட்டுரையாக வெளியிட்டார். ஆலைப் புகையைப் பற்றி இன்று எழுதப்படும் நூல்கள் யாவும் இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டுள்ளன.

பயிருக்கு நேரும் தீங்கு

மேற்கூறிய வேளை பயிருக்கு மிகவும் பொல்லாத வேளையாகும். இலைகளின் அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. இரவில் அவை பெரும்பாலும் மூடியிருக்கும். காலை வெளிச்சம் பட்டதும் திறக்கும். மண்ணில் ஈரமும் காற்றில் ஈரப்பதமும் மிகுந்திருப்பின் இன்னும் நன்றாகத் திறந்திருக்கும். புகை இறங்குவதும் துளைகள் திறந்திருப்பதும் ஒரே நேரமாக அமைந்துவிடுகிறது. இலையினுள் புகுந்த வாயு அங்குள்ள நீரிற் கரைந்து அமிலமாகி, இலையின் சதையை அழிக்கிறது.

அடையாளம் யாதெனில், நரம்புகள் பச்சையாகவே இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதிகள் வெளுத்தோ பழுப்பு நிறமாகியோ காய்ந்துபோகும். முற்றும் விரிந்து செழிப்பாயிருக்கும் நடுத்தர வயதுள்ள இலைகளே முதலில் பாதிக்கப்படும். இளந்தளிர் பெரும்பாலும் தப்பும். பயிர்களுக்குள்ளும் வேற்றுமை உண்டு. குதிரைமசால், பார்லி, பருத்தி ஆகியவை மிக எளிதில் கெடும். மக்காச்சோளம் தாங்கும். எலுமிச்சை, நாரத்தை இனங்கள் இன்னும் அதிகமாகத் தாங்கும். ட்ரெயில் பிரதேசத்து விவசாயிகள் பயிரிட்டதோ பெரும்பாலும் குதிரைமசால்.

வறட்சி, பனி, பூச்சி, நோய், சத்துக்குறைவு முதலியவற்றாலும் இலை வெளுக்கக்கூடும் என்பதை மறக்கலாகாது. ஆகவே இலையை மாத்திரம் பார்த்துப் புகையின் மேல் பழி போடுவது தவறு. புகை வந்த நாளும் நேரமும், அன்று காற்று வீசிய திசையும், அருகிலுள்ள வெவ்வேறு பயிர்களில் ஒரே சமயத்தில் அடையாளம் தோன்றியதா என்பதும், புகை எட்டாத இடத்திலுள்ள அதே பயிரின் நிலையும் ஒருங்கே ஒப்பிட்டு நோக்கத்தக்கவை.

வழக்கும் தீர்ப்பும்

இரு தேசத்துச் சர்க்கார்களும் 1928-ம் வருஷத்தில் இவ்விவகாரத்தை எல்லை விவகாரங்களுக்கான கூட்டுக் கமிஷனிடம் ஒப்படைத்தன. 1932-ம் வருஷ ஆரம்பம் வரையில் ஏற்பட்ட சேதத்துக்கு 350,000 டாலர் கொடுக்கும்படி அக்கமிஷன் 1931-ம் வருஷத்தில் சிபாரிசு செய்தது. அதன் பின்னரும் சேதம் நிற்கவில்லையென்று முறையீடு எழவே, 1935-ம் வருஷத்து உடன்படிக்கையின்படி, பெல்ஜியம், கானடா, அமெரிக்கா ஆகிய மூன்று தேசத்தைச் சேர்ந்த மூவரடங்கிய நடுவர் மன்றம் ஏற்பட்டது. டீன், ஸ்வெயின் என்னும் இரு நிபுணர்கள் அதற்குத் துணையாயிருந்தனர்.

அமெரிக்கத் தரப்பார் வட்டி உட்பட 20 லட்சம் டாலருக்கு மேல் கோரினர். 1938-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி மன்றம் அளித்த முடிவில் 78,000 டாலரே கிடைத்தது. அதில் 62,000 டாலர் சாகுபடி நிலங்களுக்கும், 16,000 டாலர் மரங்கள் அடர்ந்த நிலங்களுக்கும் உரியது. கால்நடைகளுக்கும், பாலுக்கும், கம்பளத்துக்கும் நேர்ந்ததாகக் கூறிய நஷ்டமும், நார்த்போர்ட் ஊரின் வீடு வாசல்களுக்கு நேர்ந்ததாகக் கூறிய நஷ்டமும் போதிய ருஜு இல்லாமையால் தள்ளப்பட்டன. அவை நேரவேயில்லையென்று மன்றம் கண்டதாக இதற்குப் பொருளன்று. நேர்ந்ததென்று காட்டப்படவில்லை என்பதே பொருள். கணக்கும் குறிப்பும் இல்லாத நஷ்டம் நியாய ஸ்தலத்தில் நஷ்டமாக எண்ணப்படுவதில்லை.

1941-ம் வருஷம் மார்ச் 11-ந் தேதி இறுதித் தீர்ப்பு வெளியாயிற்று. ஒரு தேசம் தன் எல்லைக்குள் எழும் புகையினால் மற்றொரு தேசத்தின் நிலத்துக்கோ ஜனங்களின் சொத்துக்கோ கடுமையான தீங்கு விளையும்படி விடுவதற்கு உரிமையுடையதன்று என்னும் கொள்கை அதில் நிலைநாட்டப்பட்டது. இன்றளவும் உலகநாடுகளின் சட்டத்தில் அது மேற்கோளாக எடுத்துக்காட்டப்படுகிறது.

வானிலைக்கேற்ப ஆலையை நடத்துதல்

தீர்ப்பின் மற்றொரு பகுதி நமது கவனத்துக்கு மிகவும் உரியது. ஆலையை மூடும்படி மன்றம் உத்தரவிடவில்லை. வானிலையை அனுசரித்து நடத்தும்படி உத்தரவிட்டது. காற்றின் திசை, வேகம், புரளும் தன்மை ஆகியவற்றைக் கருவிகளால் இடைவிடாது கவனிக்க வேண்டும். காற்று நன்றாகப் புரளும்போது அதிகமாகவும், புரளாமல் நிற்கும்போது குறைவாகவும் கந்தகத்தை வெளியிட வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய உள்ள பயிர்க்காலத்துக்கு வரம்பு கடுமையானது. அதிலும் அதிகாலை 3 மணி முதல் சூரியோதயத்துக்குப் பின் 3 மணி நேரம் வரையில் உள்ள வேளைக்கே மிகக் கடுமையான வரம்பு விதிக்கப்பட்டது. அதன் காரணம் மேலே கூறியவற்றால் விளங்கும்.

அன்றியும், எல்லைக்குச் சமீபமான கொலம்பியா கார்டன்ஸ் என்னுமிடத்தில் வைக்கப்பட்ட கருவியில், பயிர்க்காலத்தில், ஒரு கோடிப் பங்கு காற்றுக்கு 3 பங்கோ அதற்கு மேலோ வாயு இருப்பதாக, தொடர்ந்து இரண்டு இருபது நிமிஷங்களுக்குப் பதிவானால், காற்று அனுகூலமான திசையில் வீசாதபோது, மணிக்கு 4 டன் கந்தகம் குறைக்கப்பட வேண்டும். காற்று சிறிதும் புரளாதிருந்தால் வெளியிடுவதை முற்றும் நிறுத்த வேண்டும்.

ஆலையாரும் கந்தகத்தைக் காற்றில் விடுவதற்குப் பதிலாகப் பிடித்துக் கந்தகாமிலமாக்கி, அதனோடு அம்மோனியா சேர்த்து அம்மோனியம் சல்பேட் என்னும் உரமாகச் செய்யத் தொடங்கினர். யானை முத்திரையிட்ட அவ்வுரம் வியாபாரத்தில் பிரசித்தி பெற்றது. காற்றிற் கலந்தபோது பயிரைக் கருக்கிய பொருள், மூட்டையிற் கட்டப்பட்டபோது பயிரை வளர்க்கும் பொருளாயிற்று.

மக்களுக்கு நேர்ந்த கேடு

பயிரைக் கெடுக்கும் இவ்வமைப்பு நாள்கணக்கில் நீடித்தால் உயிரையும் கவரும். 1930-ம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் பெல்ஜியம் தேசத்தின் மியூஸ் நதிப் பள்ளத்தாக்கில், ஆலைகள் நிறைந்த பகுதியில், மூடுபனியும் புகையும் சேர்ந்து சில நாட்கள் அசையாமல் நின்றன. 60 பேருக்கு மேல் இறந்தனர், கால்நடைகளும் வருந்தின. 1948-ம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்தில், மனாங்கஹீலா நதியின் வளைவில் குன்றுகளுக்கிடையே அமைந்த டனோரா என்னும் ஊரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 20 பேர் மாண்டனர். அப்பிரதேசத்து ஜனங்களில் நூற்றுக்கு 43 பேர் நோயுற்றனர். அக்டோபர் 31-ந் தேதி மழை பெய்தபின்னரே காற்று தெளிந்தது. அவ்வாலைகள் அந்நாட்களில் மாத்திரம் புதிதாகப் புகை விட்டவையல்ல. வருஷக்கணக்காக விட்டுவந்த புகையே, வானிலை மாறி வெளியேற வழியடைபட்டபோது உயிர்க்கொல்லியாயிற்று.

நாம் கவனிக்கத்தக்கவை

மலையடிவாரத்திலும் பள்ளத்தாக்கிலும் நிலமுடையோர் கருவியின்றியே இந்நிலையைக் கண்டறியலாம். மேகமற்ற இரவுக்குப்பின் விடியற்காலையில் காற்று அசையாதிருத்தல், தாழ்ந்த நிலங்களில் மாத்திரம் மூடுபனி தேங்கியிருத்தல், அடுப்புப்புகை சிறிது எழுந்து பிறகு தட்டையாகப் பரவுதல், மேட்டுநிலத்தில் நிற்பவனுக்குப் பள்ளத்தைவிட வெதுவெதுப்பாகத் தோன்றுதல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

இவ்வடையாளங்கள் உள்ள வேளையில் குப்பை, சருகு முதலியவற்றைக் கொளுத்தலாகாது. செங்கற் சூளைக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் தீமூட்டுவதைத் தள்ளிவைத்தல் நலம். மாலையில் மூட்டிய நெருப்பின் புகை இரவெல்லாம் ஊரிலேயே தங்கும். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் தெளிப்பதற்கும் அவ்வேளை உகந்ததன்று. நுண்ணிய துளிகள் நிலத்தில் படியாமல் காற்றில் மிதந்து அண்டை வயலுக்குச் சென்று கேடு செய்யும். வெயிலேறி மூடுபனி கலைந்து மென்காற்று வீசத் தொடங்கிய பின் இவ்வேலைகளைச் செய்தல் தகும்.

சூளையோ ஆலையோ அமைக்க இடம் தேர்ந்தெடுக்கும்போது, பகலில் காற்று எத்திசையில் வீசுகிறது என்று பார்ப்பது மாத்திரம் போதாது. இரவில் குளிர்ந்த காற்று எவ்வழியே வழிந்து எங்கே தேங்குகிறது என்பதையும் கிராம அதிகாரிகள் விசாரித்தறிதல் அவசியம். பனி முதலில் விழும் வயல் எது என்று ஊரிலுள்ள முதியோரைக் கேட்டால் அவ்விடம் எளிதில் விளங்கும்.

புகையினால் பயிர் கெடுவதாக ஐயம் தோன்றினால் தேதி, நேரம், காற்றின் திசை, கெட்ட பயிர், அதன் பரப்பு ஆகியவற்றை அன்றன்றே எழுதிவைக்க வேண்டும். வாடிய இலைகளைத் தாளில் அழுத்திப் பாதுகாத்து, புகை எட்டாத வயலின் விளைச்சலையும் உடன் குறித்து, பயிர் அறுவடையாகுமுன் விவசாய இலாகா உத்தியோகஸ்தருக்கு அறிவிக்க வேண்டும். ட்ரெயில் பள்ளத்தாக்கில் ஒரு டாலராயினும் பெற்றுத் தந்தவை இத்தகைய குறிப்புகளும் அளவுகளுமே.